பயிர்: ஒன்று மட்டும்

படிவத்தின் ஏழாம் கேள்விக்கு
ஒரு விரல் நீளத்தில் ஒரே கோடு.
பயிரின் பெயர்.

யுவா ஹெர் சொல்லத் தொடங்குகிறாள்.
பாகல், பயற்றங்காய், எலுமிச்சைப்புல்,
கடுகுக்கீரை, சாம்பல் பூசணி,
பொழுது சாய்ந்தால் பூக்கும் சுரை,
மூன்று வகைக் கத்தரி, அதில் ஒன்றுக்கு
அவர்கள் பாஷையில் மட்டும்தான் பெயர்.
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
நான் 'பாகல்' என்று எழுதிப்
பேனாவை மூடுகிறேன்.
கோட்டில் அடங்கியது அதுதான்.

சாங்கரில் ஐந்து ஏக்கர். குத்தகை.
ஜனவரிதோறும் கைகுலுக்கிப் புதுப்பிப்பது.
கைகுலுக்கலை ஸ்கேன் செய்து இணைக்க முடியாதென்று
ஃபிரெஸ்னோ அலுவலகத்துக்கு
விளக்கக் கடிதம் எழுதுவதற்கும் சேர்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

கிணறு நூற்று நாற்பது அடி.
சாலைக்கு அந்தப் பக்கம் பாதாம் கம்பெனி
ஆயிரத்தைத் தொட்டுவிட்டது.
அவர்கள் மோட்டார் போடும் இரவுகளில்
இவள் குழாய் இருமும்.
முதலில் மணல், பிறகு காற்று,
பிறகு தண்ணீர் வரப்போவது மாதிரி
ஒரு சத்தம் மட்டும்.
"ஆஸ்துமா" என்கிறான் மகன் பெங்.
பயிற்சிக்குக் கிளம்பிய கால்பந்துக் காலணியோடு
மொழிபெயர்க்க உட்கார்ந்தவன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள்.
எங்களுக்கு வெட்டும் முன்பே வந்துவிட்டது:
பதினெட்டுப் பக்கம், இரண்டு நகல்.

கேள்வி பன்னிரண்டு.
மாறும் தட்பவெப்பத்தைச் சமாளிக்க
இதுவரை எடுத்த நடவடிக்கைகள்?
பெங் கேட்கிறான். அவள் யோசிக்கிறாள்.
"எதுவும் இல்லையாம்."

அவள் தலைக்கு மேல்
ஏதோ ஒரு மோட்டல் கழித்துப்போட்ட
படுக்கை விரிப்புகள், ஒன்றோடொன்று தைத்து,
பாகல் பந்தலுக்கு நிழல் கட்டி நிற்கின்றன.
ஒன்றில் இன்னும் இஸ்திரி மடிப்பு.
சுவரில் ஐந்து நெற்றிவிளக்குகள்.
ஜூலையில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி
பதினோரு நாள் இறங்காமல் நின்றபோது
பயற்றம்பூ காய்க்காமலே கொட்டியது.
அதிலிருந்து அறுப்பு விடியற்காலை மூன்றுக்கு.
பூ கொட்டாத ஏழு கொடிகளில்
சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள், விதைக்கு.

எதுவும் இல்லையாம்!
நான் எழுதினேன்.
கட்டம் நிரம்பியது, ஓரத்தில் ஏறியது,
கேள்வி பதின்மூன்றின் தலையில் இடித்தது.

மூன்று வருட நீர்க்கணக்கு கேட்டேன்.
மளிகைக்கடை இனாம் காலண்டர்கள் மூன்று வந்தன.
பம்ப் ஓடிய மணிக்கு ஒரு பென்சில் கீறல்.
வீட்டுக்குக் கொண்டுபோய்
இரவெல்லாம் எண்ணினேன்.
முதல் வருடம் ஆகஸ்டில் நாளுக்கு ஐந்து, ஆறு.
மூன்றாவது வருடம் கீறல்கள் முட்டிமோதி
அடுத்த தேதிக்குள் புகுந்திருந்தன.
அதே வயல். அதே தண்ணீர். இரண்டு மடங்கு நேரம்.
ஒரு கிணறு இறங்குவதை
இத்தனை துல்லியமாக
எங்கள் அலுவலகத்தில் யாரும் வரைந்ததில்லை.

கிளம்பும்போது ஒரு பை பாகற்காய் கொடுத்திருந்தாள்.
அன்பளிப்பு வாங்கக் கூடாதென்று விதி.
மூன்று டாலர் நீட்டினேன்.
அவள் பணத்தையும் பார்க்கவில்லை,
என்னையும் பார்க்கவில்லை.
பை வண்டியில் ஏறியது. விதி ஏறவில்லை.

கடைசி நாள் இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
அனுப்பி முடித்தேன்.
திரை சொன்னது: பெறப்பட்டது.
பதில், முப்பது வேலைநாளில்.
பயற்றங்காய்க்கு வேலைநாள் தெரியாது.
இரண்டு நாள் விட்டால் நார்.

இருபத்தாறாம் நாள் வந்தது பணமில்லை, ஒரு குறிப்பு.
கேள்வி ஏழு: பயிர் ஒன்றுக்கு மேல் எனில்
தனித்தாள் இணைக்கவும்.

தனித்தாளோடு போனேன்.
முப்பத்தொரு பெயர்.
அந்தக் கத்தரிக்கு வந்ததும்
பெங் எழுத்துக்கூட்டினான்.
கடைசி எழுத்தை மட்டும் அவன் உச்சரிக்கவேயில்லை.
அது ஒலிக்காதாம்.
குரலை எந்த உயரத்தில் நிறுத்துவதென்று
சொல்வதற்காக மட்டும் நிற்கிறதாம்.

யுவா ஒருமுறை சொல்லிக் காட்டினாள்.
குரல் இறங்கி, இறங்கி, ஓரிடத்தில் நின்றது.

நான் அந்த எழுத்தையும் எழுதினேன்.